வாசகர் கேள்வி – பதில்: மக்கும் பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்குக் கொடுக்கலாமா?

பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படும் வழக்கமான பிளாஸ்டிக்கையும் மக்கும் பிளாஸ்டிக்கையும் ஒப்பிட்டுப் பல வாசகர்கள் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடையவற்றைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மக்கும் பிளாஸ்டிக்கில் செய்த குவளைகளையும் பாட்டில்களையும் மற்றப் பிளாஸ்டிக் பொருட்களோடு சேர்த்தே மறுசுழற்சித் தொட்டியில் போட்டு வருகிறேன். இது சரிதானே?

பதில்: சரியில்லை. நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் இந்தச் செயல் மறுசுழற்சி ஆலைகளுக்குப் பெரிய தலைவலியாக முடிவதால், சற்று விரிவாகவே விளக்குகிறேன்.

தண்ணீரும் குளிர்பானமும் வரும் பாட்டில்கள் பெரும்பாலும் பி.இ.டி. என்னும் பெட்ரோலியப் பிளாஸ்டிக்கால் ஆனவை. கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் மக்கும் குவளைகளோ பெரும்பாலும் பி.எல்.ஏ. எனப்படும் பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனவை. மக்காச்சோளம், கரும்பு போன்ற பயிர்களின் சர்க்கரையை நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கவைத்து, அதில் கிடைக்கும் லாக்டிக் அமிலத்திலிருந்து இதைத் தயாரிக்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது; சிக்கலே அங்குதான் தொடங்குகிறது.

ஆலைக்கு வரும் பாட்டில்களைச் சிறு செதில்களாக வெட்டிக் கழுவி, நீர்த்தொட்டியில் விடுவார்கள். மூடிகளில் உள்ள பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் நீரைவிட இலேசானவை என்பதால் மிதக்கும். அவற்றை மேலிருந்து வழித்து எடுத்துவிடலாம். பி.இ.டி. ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.38 கிராம் அடர்த்தி உடையது, பி.எல்.ஏ.யின் அடர்த்தி ஏறத்தாழ 1.24 கிராம். ஆகவே இரண்டுமே மூழ்கி, தொட்டியின் அடியில் ஒன்றாகவே கலந்து கிடக்கும். செலவு குறைந்த பிரிப்பு முறை இங்கே கைகொடுப்பதில்லை.

அடுத்தது உலர்த்தும் கட்டம். ஈரத்தோடு உருக்கினால் பி.இ.டி.யின் நீண்ட மூலக்கூறுகள் அறுந்துபோகும் என்பதால், செதில்களைச் சுமார் 160 முதல் 180 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்துகிறார்கள். பி.எல்.ஏ. உருகும் வெப்பநிலையும் ஏறத்தாழ இதே அளவுதான். அதனால் உலர்த்தும் கலத்திலேயே அது இளகி, பக்கத்தில் உள்ள செதில்களைப் பற்றிக்கொண்டு கட்டிகட்டியாகத் திரண்டு வழியை அடைத்துவிடுகிறது. அதையும் தாண்டிச் செல்லும் துணுக்குகள், பி.இ.டி. உருக்கப்படும் 260 – 280 டிகிரி வெப்பத்தைத் தாங்காமல் சிதைந்து, உருகிய கலவைக்கு மஞ்சள் சாயலையும் மங்கலையும் கொடுக்கின்றன. நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாத கலப்படமே தெளிவைக் கெடுக்கப் போதுமானது. புதிய பாட்டிலுக்குத் தகுதியாக இருந்த ஒரு தொகுதி முழுவதும் அதனால் தரம் இறங்கிவிடும்.

அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு பிளாஸ்டிக்கின் வகையை அடையாளம் காணும் இயந்திரங்கள் இருக்கின்றன, பி.எல்.ஏ.வையும் பி.இ.டி.யையும் அவற்றால் பிரித்தறிய முடியும். ஆனால் எல்லா ஆலைகளிலும் அவை இல்லை. இருக்கும் இடங்களிலும் வேகமாக ஓடும் பட்டையில் சில பொருட்கள் தப்பிவிடவே செய்கின்றன.

கேள்வி: சேர்த்துப் போடக் கூடாது, சரி. மக்கும் பிளாஸ்டிக்கை மட்டும் தனியாகச் சேகரித்தால் மறுசுழற்சி செய்ய முடியுமா?

பதில்: முடியும். சொல்லப்போனால், வேதியியல் நோக்கில் பி.எல்.ஏ. நல்ல மறுசுழற்சிப் பொருள் என்றே கூறலாம்.

பிளாஸ்டிக் என்பது சிறு மூலக்கூறுகளை மணிகள்போல் கோத்த நீண்ட மாலை. பாலிஎத்திலீனில் மணிக்கும் மணிக்கும் இடையே இருப்பது கார்பன் – கார்பன் பிணைப்பு. அது மிகவும் உறுதியானது; வெப்பத்தால் உடைத்தால் கண்ட இடத்தில் அறுந்து எண்ணெயும் மெழுகும் வாயுவும் கலந்த கலவையாகிவிடும்; தொடங்கிய மூலப்பொருளைச் சுத்தமாகத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். பி.எல்.ஏ.யில் இருப்பதோ எஸ்டர் பிணைப்பு. நீரும் வெப்பமும் சேர்ந்தால் அந்த முடிச்சுகளே அவிழும். லாக்டிக் அமிலம் திரும்பக் கிடைக்கும். அதைத் தூய்மைப்படுத்திப் புதிய பி.எல்.ஏ. செய்யலாம். பி.இ.டி.யிலும் எஸ்டர் பிணைப்புகள் உண்டு என்பதால் அதையும் இவ்வாறு பிரிக்க இயலும் என்பதை நேர்மை கருதிச் சொல்லியாக வேண்டும்.

உருக்கி மறுவார்ப்பு செய்யும் எளிய வழியும் இருக்கிறது. ஆனால் நீரில் எளிதாகச் சிதையும் குணம் இங்கே எதிராகத் திரும்புகிறது. சிறிதளவு ஈரம் மிஞ்சியிருந்தாலும், ஒவ்வொரு முறை உருக்கும்போதும் மூலக்கூறுகள் குட்டையாகிப் பொருள் நொறுங்கும் தன்மை அடைகிறது. பெட்ரோலியப் பிளாஸ்டிக்குகளும் மறுசுழற்சியில் தரம் குறைகின்றன என்றாலும், பி.எல்.ஏ.வைக் கையாளக் கூடுதல் கவனம் தேவை.

இவ்வளவு இருந்தும் அது பரவலாக நடைபெறாததற்குக் காரணம் அளவுதான். உலகில் ஆண்டுதோறும் தயாராகும் பிளாஸ்டிக் 40 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. அதில் மக்கும் வகைகளின் பங்கு நூற்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை. வந்துசேரும் கழிவு இவ்வளவு குறைவாக இருக்கும்போது, அதற்கெனத் தனித் தொட்டி, தனி வண்டி, தனி ஆலை ஆகியவற்றை அமைக்கும் செலவை ஈடுகட்ட முடிவதில்லை. திருவிழா, விளையாட்டரங்கம், பெரிய அலுவலக உணவுக்கூடம் போல, ஒரே வகைக் குவளையைக் கொடுத்து அங்கேயே திரும்பப் பெறக்கூடிய இடங்களில் மட்டும் தனிச் சேகரிப்பு நன்றாக நடைபெற வாய்ப்பு உண்டு.

கேள்வி: தாவரத்திலிருந்து செய்யப்பட்ட பிளாஸ்டிக் எல்லாமே மக்கும் அல்லவா?

பதில்: இல்லை. கரும்பிலிருந்து எடுத்த எத்தனாலைக் கொண்டு செய்யப்படும் பாலிஎத்திலீன், பெட்ரோலியப் பாலிஎத்திலீனுக்கு மூலக்கூறு அளவில் சமமானது. மக்காது, ஆனால் வழக்கமான பாலிஎத்திலீனோடு சேர்த்து மறுசுழற்சி செய்யலாம். இதற்கு நேர்மாறாக, உரமாகும் பைகளில் பெரிதும் பயன்படும் பி.பி.ஏ.டி. பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது, ஆயினும் மக்கும். மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. முடிவில் அது என்ன ஆகும் என்பது வேறொரு கேள்வி. மக்குவதைத் தீர்மானிப்பது மூலக்கூறின் அமைப்பே.

கேள்வி: ‘மக்கும்’ என்று அச்சிட்ட பையை மண்ணில் எறிந்தால் சில மாதங்களில் மறைந்துவிடும் என்று நம்பலாமா?

பதில்: தயவுசெய்து நம்பி எறிந்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வகைப் பைகளைத் திறந்த வெளியிலும் மண்ணுக்குள்ளும் கடல்நீரிலும் மூன்று ஆண்டுகள் வைத்துப் பார்த்து, 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ‘மக்கும்’ என்று விற்கப்பட்ட பை, மூன்று ஆண்டுகள் மண்ணிலும் கடலிலும் கிடந்த பிறகும் கடைச் சாமான்களைச் சுமக்கும் வலுவோடு இருந்தது. ‘உரமாகக்கூடியது’ என்று விற்கப்பட்ட பை கடல்நீரில் மூன்று மாதங்களுக்குள் காணாமல் போயிற்று. ஆனால் மண்ணில் 27 மாதங்களுக்குப் பிறகும் எடை தாங்க இயலாத நிலையில் மிஞ்சியிருந்தது. ஒரே பைக்கு இடத்துக்கு இடம் வெவ்வேறு விதி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

உரமாகும் பொருட்களுக்கான ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 13432 என்ன கேட்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். 12 வாரங்கள் உரக்குவியலில் இருந்தபின், 2 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது. ஆறு மாதங்களுக்குள் பொருளின் கார்பனில் 90 விழுக்காடு கார்பன் டையாக்சைடாக மாறியிருக்க வேண்டும். மிஞ்சும் உரத்தில் செடிகள் ஒழுங்காக வளர வேண்டும். இந்தச் சோதனைகள் தொழில்முறை உரக்கூடத்தின் நிலைமைகளை ஒட்டியவை. மக்கும் வேகம் அங்கே சுமார் 58 டிகிரி வெப்பத்தில் அளக்கப்படுகிறது. பி.எல்.ஏ. இளகத் தொடங்குவதே 55 – 60 டிகிரியில்தான். அந்த வெப்பத்திலும் ஈரத்திலும் நீர் அதன் மூலக்கூறுகளை முதலில் துண்டாக்கிய பிறகே நுண்ணுயிர்கள் அவற்றை உண்ணத் தொடங்குகின்றன. வீட்டுத் தோட்டத்தின் உரக்குழி அந்த வெப்பத்தை எட்டுவதும், எட்டினால் அது வாரக்கணக்கில் நீடிப்பதும் அரிது. வீட்டிலேயே உரமாகும் என்று தனியாகச் சான்று பெற்ற பொருளை மட்டும் அங்கே போடலாம்.

இவற்றிலெல்லாம் மோசமானது ‘ஆக்சோ’ வகை. வழக்கமான பாலிஎத்திலீனில் கோபால்ட், மாங்கனீசு, இரும்பு போன்றவற்றின் உப்புகளைக் கலந்து, வெயிலில் விரைவாக நொறுங்கும்படி செய்த பொருள் அது. நொறுங்குவதை மக்குவதாகக் காட்டி விற்பது வாங்குவோரை ஏமாற்றுவதே. அது நுண்பிளாஸ்டிக்காகச் சிதறிச் சுற்றுப்புறத்தில் தங்குகிறது. மறுசுழற்சிக் குவியலில் சேர்ந்தால் அதிலிருந்து செய்யும் பொருளின் ஆயுளையும் குறைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் அதன் விற்பனையைத் தடைசெய்திருப்பது முற்றிலும் நியாயமானது.

கேள்வி: அப்படியானால் பெட்ரோலியப் பிளாஸ்டிக்கே மேல் என்கிறீர்களா?

பதில்: பொருளுக்குப் பொருள் விடை மாறும். பி.இ.டி. பாட்டிலும், பால், சோப்புத் திரவம் முதலியவை வரும் கெட்டிப் பாலிஎத்திலீன் கொள்கலனும் மறுசுழற்சியில் நன்கு நிலைபெற்றவை. அவற்றைச் சேகரிப்போர், தரம் பிரிப்போர், குருணையாக்குவோர், வாங்குவோர் என்று ஒரு சங்கிலியே இருக்கிறது. அத்தகைய பொருளுக்கு மாற்றாக மக்கும் பிளாஸ்டிக்கைக் கொண்டுவருவது, ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அமைப்பைக் குலைப்பதாகவே முடியும் என்பது என் கருத்து.

ஆனால் பெட்ரோலியப் பிளாஸ்டிக்கின் மொத்தக் கணக்கு வருந்தத்தக்கது. 2015 வரை உலகில் உருவான பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 9 விழுக்காடே மறுசுழற்சி செய்யப்பட்டது. 12 விழுக்காடு எரிக்கப்பட்டது. எஞ்சிய 79 விழுக்காடு குப்பைமேடுகளிலும் நிலத்திலும் நீரிலும் தேங்கியது என 2017-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பல அடுக்குகளை ஒட்டிச் செய்த சிறு பொட்டலங்களும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய மெல்லிய தாள்களும் ‘மறுசுழற்சிக்கு உரியவை’ என்று பெயரளவில் சொல்லப்பட்டாலும் ஆலையின் வாசலைத் தாண்டுவதில்லை. ஆகவே மக்கும் பிளாஸ்டிக்கின் குறைகளைச் சொல்லும்போது, மறுபக்கம் எல்லாம் சீராக நடப்பதாக எண்ணிவிடக் கூடாது.

கேள்வி: எந்தப் பயன்பாட்டுக்கு மக்கும் பிளாஸ்டிக் உண்மையிலேயே ஏற்றது?

பதில்: உணவோடும் மண்ணோடும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும் பொருட்களுக்கு. உணவுக் கழிவைச் சேர்த்து உரக்கூடத்துக்கு அனுப்பும் பை, தேயிலைப் பை, பழத்தின்மேல் ஒட்டும் சிறு வில்லை போன்றவற்றை யாரும் பொறுக்கிக் கழுவி மறுசுழற்சி செய்யப்போவதில்லை. வயலில் களை முளைக்காமலும் ஈரம் காயாமலும் இருக்க விரிக்கும் மூடாக்குத் தாளும் அப்படியே. அறுவடைக்குப்பின் கிழிந்து மண்ணோடு ஒட்டிய பாலிஎத்திலீன் தாளைத் திரட்டுவது பெரும்பாடு. மண்ணிலேயே மக்கும் தாள்களுக்கு ஈ.என். 17033 என்னும் தரநிலை 2018-இல் வந்தது. பிரான்சில் மொரீஸ் லெமுவாஞ் 1926-இல் ஒரு பாக்டீரியாவில் கண்டறிந்த பி.எச்.பி. என்னும் பொருளின் குடும்பத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக்குகள், உரக்கூட வெப்பம் இல்லாமலே மண்ணிலும் கடல்நீரிலும் சிதையக்கூடியவை என்பதால் இவ்வகைப் பயன்பாட்டில் நம்பிக்கை தருகின்றன. விலைதான் இன்னும் அதிகம்.

உரக்கூடத்துக்குப் போனாலும் பி.எல்.ஏ. மண்ணுக்குச் சத்து எதையும் சேர்ப்பதில்லை என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அதில் நைட்ரஜனோ பாஸ்பரஸோ இல்லை. பெரும்பகுதி கார்பன் டையாக்சைடும் நீருமாகிப் போய்விடும். உணவுக் கழிவு குப்பைமேட்டுக்குப் போகாமல் உரக்கூடத்துக்கு வர அது துணைசெய்கிறது. அதன் பயன் அதில்தான் இருக்கிறது.

கேள்வி: வீட்டில் இவற்றை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: முக்கோணக் குறிக்குள் உள்ள எண்ணைப் பாருங்கள். 1 என்றால் பி.இ.டி.; 2 கெட்டிப் பாலிஎத்திலீன்; 5 பாலிபுரொப்பிலீன். பி.எல்.ஏ.வுக்குத் தனி எண் இல்லாததால் ‘மற்றவை’ என்னும் 7-இல் அடங்கும், அருகில் பி.எல்.ஏ. என்ற எழுத்துகளும் இருக்கக்கூடும். ஆனால் 7 என்று இருப்பதெல்லாம் மக்கும் என்று கொள்ள வேண்டாம். வெறுமனே ‘மக்கும்’, ‘இயற்கைக்கு உகந்தது’ என்ற வாசகங்களை விட்டுவிட்டு, எந்தத் தரநிலையின்படி, வீட்டிலா தொழில்முறை உரக்கூடத்திலா என்று குறிப்பிட்ட சான்றைத் தேடுங்கள். எரித்துப் பார்த்து வகை அறியும் பழக்கம் வேண்டவே வேண்டாம், பி.வி.சி.யாக இருந்தால் நச்சுப்புகை வரும். உரமாகும் பொருளை ஏற்கும் சேகரிப்பு உங்கள் பகுதியில் இருந்தால், அங்கே அதைக் கொடுங்கள். இல்லையென்றாலும், என்ன பொருள் என்றே தெரியவில்லை என்றாலும், பி.இ.டி. பாட்டில்களோடு கலக்காமல் பொதுக் கழிவில் சேர்த்துவிடுங்கள்.