2030இல் எயிட்ஸ் இல்லாத இலங்கையா?

கேள்வி: 2030ஆம் ஆண்டுக்குள் எயிட்ஸ் முடிவுக்கு வரும் என்கின்றனர். தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை நிறுத்திவிட்டது என்றும் வாசித்தேன். அதேவேளை இளைஞர்களிடையே தொற்று அதிகரிப்பதாகச் செய்தி வருகிறது. எதை நம்புவது?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி

பதில்: இரண்டையுமே நம்பலாம், ஐயா. 2030ஐக் குறித்து ஐக்கிய நாடுகள் வகுத்த இலக்கு, எயிட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமியே இல்லாத உலகம் அன்று. புதிய தொற்றுகளையும் எயிட்ஸ் மரணங்களையும் 2010ஆம் ஆண்டு இருந்த அளவிலிருந்து 90 சதவீதம் குறைப்பதே அது.

தாய்-சேய் தொற்றைப் பொறுத்தவரை இலங்கையின் சாதனை உண்மையானது. உலகில் முதன்முதலாகக் கியூபா 2015இல் பெற்ற சான்றிதழை, உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு 2019 டிசெம்பரில் வழங்கியது. சிகிச்சை இல்லாவிடின் தாயின் தொற்று பிள்ளைக்குச் செல்லும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். உரிய வேளையில் மருந்து கொடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால், மருந்து கொடுப்பதற்கு முன் தாய்க்குத் தொற்று இருப்பது தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் நமது குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்பு கைகொடுத்தது. கர்ப்பவதி ஒருவர் கிளினிக்கிற்கு வந்ததும், மற்றப் பரிசோதனைகளோடு எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸ் என்ற பாலியல் நோய்க்கும் சேர்த்தே குருதி எடுக்கப்படுகிறது. எல்லோருக்கும் எடுப்பதால், ஏன் எடுத்தார்கள் என்று அயலில் ஒருவரும் கேட்பதில்லை.

இளம் ஆண்களுக்கு அப்படியொரு வழக்கமான வாசல் இல்லை. புதிதாக அடையாளம் காணப்படுவோரில் பெரும்பாலானோர் ஆண்களாக இருந்தும், பரிசோதனைக்குப் போவதே ஒரு குற்ற ஒப்புதல் போலப் பார்க்கப்படுகிறது. ஆணுடன் உறவு கொள்ளும் ஆணுக்குப் பிரித்தானியர் காலத்துத் தண்டனைச் சட்டக்கோவையில் அவ்வுறவைக் குற்றமாக்கும் 365அ பிரிவு தரும் அச்சம் வேறு. யாருடைய மகன் எந்த வாசலில் நின்றான் என்பது மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் நமது யாழ்ப்பாணத்தில், சட்டத்தைவிட அயலாரின் கண்ணே பலரைத் தடுக்கிறது என்பது என் கருத்து.

95-95-95 என்ற இலக்கையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொற்றுள்ளோரில் 95 சதவீதமானோர் தமது நிலையை அறிய வேண்டும், அவர்களில் 95 சதவீதமானோர் சிகிச்சை பெற வேண்டும், அவர்களிலும் 95 சதவீதமானோரின் உடலில் கிருமி அடக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் பொருள். மூன்றும் கைகூடினாலும் மொத்தத் தொற்றாளரில் ஏறத்தாழ 86 சதவீதமானோரிடமே கிருமி அடங்கியிருக்கும். முதற்படி சறுக்கினால் மற்ற இரண்டும் எவ்வளவு உயர்ந்தாலும் போதாது. மருந்து நம்மிடம் இருக்கிறது. ஆளைத்தான் இன்னும் எட்டவில்லை.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து திரும்பிய எங்கள் உறவினர் எச்.ஐ.வி.க்கு மாத்திரை எடுக்கிறார். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அவரை வைத்திருக்கலாமா?
- வாசகி, வடமராட்சி

பதில்: தாராளமாக வைத்திருக்கலாம், அம்மா. ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ, பிள்ளையைத் தூக்குவதாலோ, ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதாலோ இது தொற்றாது. அவருக்கெனத் தனிக் கோப்பை ஒதுக்கிவிடாதீர்கள். அந்த அவமானமே பலரை மாத்திரையை மறைக்கவும் பின்னர் விடவும் வைக்கிறது. ஒழுங்காக மருந்தெடுத்து, குருதியில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் மூலமும் அவரிடமிருந்து தொற்று பரவாது. ஊரில் வேறு எவருக்கும் அவர் நிலையைச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கேள்வி: பரிசோதனைக்கு எங்கே போவது? கடிதம் வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத இளைஞர், யாழ்ப்பாணம்

பதில்: யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு நேரே போகலாம், தம்பி. கடிதம் தேவையில்லை, பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம், விபரங்கள் இரகசியமாகப் பேணப்படும். தொற்று ஏற்பட்ட உடனேயே அது குருதியில் தெரியாது என்பதால், இப்போது இல்லை என்று வந்தாலும், சந்தேகத்துக்குரிய தொடர்பிலிருந்து மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.