ஊழியர்களின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்திருக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் அப்பா வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவில் அவரும் நானும் பங்குதாரர்கள். கணக்கு வழக்கு முழுக்க நான்தான். அடுப்படியில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து பெர்மிட்டில் வந்த ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் பாஸ்போர்ட்டையெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, இரும்பு அலமாரியில் அப்பா பூட்டி வைத்திருக்கிறார். ஒரு சாவி என்னிடமும் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டார். அவர் பாஸ்போர்ட்டும் இன்னும் அந்த டின்னில்தான் கிடக்கிறது. இப்போது மூன்று வருடமாக எங்களிடம் இருக்கும் தம்பி ஒருவருக்கு ஆவணியில் தங்கை கல்யாணம். "புரட்டாசிக் கூட்டம் வருது, தீபாவளி முடிஞ்சு போ. இப்பவே போகணும்னா ரெண்டாயிரம் ரிங்கிட் டெபாசிட் கட்டிட்டுப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கோ" என்கிறார் அப்பா. அந்தத் தம்பி ஊரில் வட்டிக்கு வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். நான் கேட்டால், "எல்லாக் கடையிலும் இப்படித்தான். வேணும்னா சம்மதக் கடிதம் எழுதி வாங்கிடு" என்கிறார். சம்பளம் 1,700 சரியாகக் கொடுத்துவிடுகிறோம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். காலை 7 மணிக்கு வந்தால் இரவு 10 ஆகும், மத்தியானம் இரண்டு மணி நேரம் ஓய்வு உண்டு. அப்பா செய்வது தவறா? கடிதம் வாங்கினால் சரியாகிவிடுமா? நானே எடுத்துக் கொடுத்துவிட்டால் பிரச்சினை வருமா? (பெயர் வேண்டாம், பினாங்கு)

பதில்: தவறுதான். அதோடு, அப்பா செய்யும் தவறு என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். சாவி உங்களிடமும் இருக்கிறது, கடையும் உங்கள் பேரில் இருக்கிறது.

1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12(1)(f) பிரிவு, வேறொருவருக்காக வழங்கப்பட்ட பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பதையே குற்றம் என்கிறது. 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தம்பியை அடித்தீர்களா, சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்ற கேள்வியே அங்கே எழாது. இந்தியச் சட்டப்படி பாஸ்போர்ட் அதை வைத்திருப்பவருக்குக்கூடச் சொந்தமில்லை, அது இந்திய அரசின் சொத்து. இன்னொரு நாட்டு அரசின் ஏழு ஆவணங்கள் உங்கள் பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன.

"எல்லாக் கடையிலும் இப்படித்தான்" என்பதில் ஓரளவு உண்மை உண்டு. கோலாலம்பூரின் மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்திலும் பிரிக்பீல்ட்ஸிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஆனால் காலம் மாறிவிட்டதை முதலாளிகள் பலர் கவனிக்கவில்லை. ஆள்கடத்தல் பற்றிய அமெரிக்க அறிக்கை 2021லும் 2022லும் மலேசியாவைக் கடைசிப் படியில் வைத்தது. கட்டாய உழைப்புப் புகாரால் இங்குள்ள சில கையுறைத் தொழிற்சாலைகளின் சரக்கை அமெரிக்கா உள்ளே விடவில்லை. 2022 மார்ச்சில் நம் நாடு அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் கட்டாய உழைப்பு நெறிமுறையை ஏற்றுக் கையெழுத்திட்டது. அந்த அமைப்பு கட்டாய உழைப்புக்குச் சொல்லும் 11 அடையாளங்களில் அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதும் ஒன்று.

2023 ஜனவரி 1 முதல் நம் வேலைவாய்ப்புச் சட்டத்திலும் 90பி என்று புதுப் பிரிவு இருக்கிறது. மிரட்டியோ ஏமாற்றியோ கட்டாயப்படுத்தியோ ஒருவரை வேலை வாங்கி, அந்த இடத்தைவிட்டுப் போகவிடாமல் தடுத்தால், ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இதற்கு மேலே 2007ஆம் ஆண்டு ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதில் அடிப்படைக் குற்றத்துக்கே 15 ஆண்டு வரை சிறை போகலாம்.

உங்கள் அப்பா ஆள்கடத்தல்காரர் என்று நான் சொல்லவில்லை, அப்படி வழக்குப் போடுவார்கள் என்றும் பயமுறுத்தவில்லை. ஆனால் "காசு கட்டினால்தான் பாஸ்போர்ட்" என்ற ஒரே வாக்கியம் இந்த விஷயத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. அதுவரை "பத்திரத்துக்காக வைத்திருந்தேன்" என்றாவது சொல்லிப் பார்க்கலாம். விலை பேசியபிறகு அது அடகுக்கடை. அந்த 2,000 ரிங்கிட்டைச் சம்பளத்தில் பிடித்தால் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறெதையும் பிடிக்க முடியாது. கையில் ரொக்கமாக வாங்கினால் இன்னும் மோசம். பாஸ்போர்ட்டை விடுவிக்கப் பணம் வாங்கியதற்கு நீங்களே சாட்சியை உண்டாக்கிக் கொடுத்ததாகிவிடும்.

சம்மதக் கடிதத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் முதலாளிகள் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். ஊழியர் தானாகவே வந்து, "தங்கும் இடத்தில் பத்திரமில்லை, நீங்களே வைத்திருங்கள்" என்று எழுதிக் கொடுத்து, கேட்ட நேரத்தில் கேள்வியில்லாமல் திரும்பப் பெற முடிந்தால், அந்தக் கடிதத்தை வைத்து ஒரு வக்கீல் வாதாடலாம். உங்கள் விஷயத்தில் அவர் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது, அப்பா மறுத்தும் ஆகிவிட்டது. இனிமேல் வாங்கும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? பெர்மிட் உங்கள் கடைப் பேரில், தூங்கும் இடம் உங்களுடையது, ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்டவர் முன்னால் தாளை நீட்டினால் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார். தொழிலாளர் இலாகா அதிகாரி அவரைத் தனியாக உட்காரவைத்துத் தமிழில் நாலு கேள்வி கேட்டால் கடிதத்தின் கதை வெளியே வந்துவிடும். அவசரத்தில் போன வருடத் தேதி போட்டு வாங்கும் யோசனை யாருக்காவது இருந்தால், அதைவிட்டுவிடுங்கள். பொய்ச் சான்று உருவாக்கியது என்று தனிக் குற்றமாகும்.

அப்பாவின் பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆள் ஓடிவிட்டால் அடுப்படி முடங்கும், கட்டிய காசு போகும். ஆனால் அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: ஓடிப்போனவருடைய பாஸ்போர்ட்டும் பூட்டித்தானே இருந்தது? பூட்டு அவரைத் தடுத்ததா? ஓட முடிவு செய்தவர் பாஸ்போர்ட் இல்லாமலே ஓடினார். தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்று முறையாகக் கேட்கிறவர்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"லெவி (வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் கட்டணம்) கட்டினேன்" என்று அப்பா சொன்னால் அந்த வாதமும் நிற்காது. சேவைத் துறையில் தீபகற்ப மலேசியாவுக்கு ஆண்டுக்கு 1,850 ரிங்கிட் லெவி. 2018 முதல் அதை முதலாளிதான் ஏற்கவேண்டும். ஊழியர் தலையில் போடக்கூடாது. அது வியாபாரச் செலவு, அந்தத் தம்பியின் கடன் அல்ல. கொடுத்த முன்பணத்தைக் காட்டி ஆளை நகரவிடாமல் வைக்கும் வேலையைப் பற்றி இந்த நாட்டுத் தமிழர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறையை 1910லேயே ஒழித்துவிட்டார்கள்.

அப்பாவுக்குச் சட்டம் கொடுக்கும் உரிமையும் இருக்கிறது. லீவு வேறு, பாஸ்போர்ட் வேறு. மூன்று வருடம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. அதை எந்தத் தேதியில் எடுப்பது என்பதை இருவரும் பேசி முடிவு செய்யலாம். கல்யாணத்துக்கு முன்பின்னாகப் பத்து நாள் போதும், புரட்டாசி பிறப்பதற்குள் வந்துவிடு என்று எழுத்தில் வைத்துக்கொள்ளட்டும். லீவு வாங்காமலும் காரணம் தெரிவிக்காமலும் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால், அது ஒப்பந்த மீறல் என்று 15(2) பிரிவு சொல்கிறது; விசாரித்து நடவடிக்கை எடுக்கலாம். உண்மையிலேயே ஓடிவிட்டால் 14 நாளுக்குள் தொழிலாளர் இலாகாவுக்குத் தெரிவிக்கவேண்டும், குடிநுழைவுத் துறைக்கும் அறிக்கை கொடுக்கவேண்டும். பெர்மிட் புதுப்பிக்கும்போது பாஸ்போர்ட் உங்கள் கைக்கு வரத்தான் செய்யும். அந்தச் சில நாளுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கி, வேலை முடிந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். அப்பா செய்யக்கூடாதது, "போனால் பெர்மிட்டை கேன்சல் பண்ணிடுவேன்" என்று மிரட்டுவது. அந்த வார்த்தை வாட்ஸ்அப்பில் ஒருமுறை பதிவானால் போதும்.

நானே எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். கொடுக்கலாம். உரியவரிடம் அவர் பொருளைச் சேர்ப்பதில் திருட்டு எண்ணம் எங்கே இருக்கிறது? ஆனால் முதலில் அப்பாவிடம் பேசுங்கள். என்னைக் கேட்டால், ஆறு பேரையும் கூப்பிட்டு அவரே தன் கையால் கொடுப்பதுதான் நல்லது. நாளைக்கு அதிகாரிகள் வந்தாலும் "முதலாளி தானாகவே கொடுத்துவிட்டார்" என்று அவர்கள் வாயாலேயே வரும். ஒரு நோட்டில் பெயர், பாஸ்போர்ட் எண், தேதி எழுதி, தமிழிலேயே ஒரு வரி ரசீது போட்டு இரண்டு பக்கமும் கையெழுத்து. இதை ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கவிடாதீர்கள். அப்பா பிடிவாதமாக மறுத்தால் உங்கள் சாவியைப் பயன்படுத்துங்கள், ஒளிக்காமல் அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். வேலைவாய்ப்புச் சட்டத்தின் 101பி பிரிவு, கடை செய்யும் குற்றத்துக்குப் பங்குதாரரையும் சேர்த்தே குற்றம் சாட்ட வழி செய்கிறது. தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க எல்லா முயற்சியும் செய்தேன் என்று காட்டுகிறவர்தான் தப்பிக்க முடியும். இவ்வளவு விவரமாக எனக்கே எழுதியபிறகு, தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது.

கொடுத்தால் எங்கே வைப்பார்கள் என்று அப்பா கேட்பார். ஊழியர் தங்குமிடத்தில் ஆளுக்கொரு கட்டில், மெத்தையோடு பூட்டுள்ள அலமாரியும் இருக்கவேண்டும் என்று ஊழியர் குடியிருப்பு பற்றிய 446ஆம் சட்டத்தின் கீழ் வந்த விதிகளே சொல்கின்றன. 2020 முதல் அது எல்லாத் துறைக்கும் பொருந்தும். இல்லையென்றால் வாங்கிப் போடுங்கள். பாஸ்போர்ட்டும் அதில் பத்திரமாக இருக்கும், சாவி அவரவர் கையில்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த 7 மணியும் 10 மணியும்தான். 1,700 ரிங்கிட் என்பது குறைந்தபட்சச் சம்பளம். ஒரு நாளைக்கு அதிகம்போனால் எட்டு மணி நேரத்துக்கு, வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு. உங்கள் ஆட்கள் ஓய்வு போக 13 மணி நேரம் நிற்கிறார்கள். கணக்கு நீங்களே பார்க்கிறவர், போட்டுப் பாருங்கள்: 1,700ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65.38, எட்டால் வகுத்தால் மணிக்கு 8.17, ஓவர்டைம் ஒன்றரை மடங்கு என்றால் 12.26. தினமும் ஐந்து மணி நேரம், மாதம் 26 நாள் என்றாலே ஒருவருக்கு ஏறக்குறைய 1,594 ரிங்கிட். ஆறு பேருக்கு ஒரு மாதத்தில் 9,500ஐத் தாண்டும். சாப்பாடும் தங்குமிடமும் கொடுப்பது நல்ல விஷயம், ஆனால் அது ஓவர்டைம் காசுக்கு ஈடாகாது. காசு கொடுத்தாலும் ஓவர்டைம் மாதம் 104 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது; உங்கள் கடையில் 130 வருகிறது. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வும் வேண்டும், அதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. பாஸ்போர்ட் புகாரோடு வரும் அதிகாரி அடுத்துக் கேட்பது சம்பளப் புத்தகத்தைத்தான். ஷிஃப்ட் போடுங்கள், அல்லது இன்னும் இரண்டு உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டு ஊழியருக்கும் ஈபிஎஃப் (சேமநிதி) கட்டவேண்டும், முதலாளி பங்கு, ஊழியர் பங்கு தலா 2 விழுக்காடு. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) 2019லிருந்தே உண்டு. இரண்டையும் சரிபாருங்கள்.

கடைசியாக, டின்னில் இருக்கும் அந்த ஏழாவது பாஸ்போர்ட். அவர் ஓடியபோது குடிநுழைவுத் துறைக்கு அறிக்கை கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுக்கவில்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். பாஸ்போர்ட்டைக் கிழித்தோ எரித்தோ போடாதீர்கள், அவருடைய நண்பர் என்று சொல்லி யாராவது வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள். எப்போது வேலைக்குச் சேர்ந்தார், எந்தத் தேதியிலிருந்து காணவில்லை என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, கோலாலம்பூரில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில் நேரில் ஒப்படைத்து ஒப்புகை வாங்குங்கள். அதன் நகல் ஒன்று குடிநுழைவுத் துறைக்கு, ஒன்று கடைக் கோப்புக்கு.