பேசினது குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள்

தெருமுனை வடிகால் அடைத்துக்கொண்டு மழைத்தண்ணீர் வாசல் வரை வருகிறது, குடியிருப்போர் மன்றக் கூட்டத்தில் மூன்று முறை எழுந்து பேசியும் "பார்க்கலாம்" என்பதோடு சரி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் நீங்கள் பேசியது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று முதலில் பாருங்கள். கடைசியில் 'இதர விஷயங்கள்' வரும்போது பேசுவது பெரும்பாலும் காற்றோடு போய்விடும், அதற்குள் பாதிப் பேர் நாற்காலியை மடக்க ஆரம்பித்திருப்பார்கள், தீர்மானம் போடப் போதிய ஆளும் இருக்காது.

அதனால் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு போகும் முன்பே செயலாளரிடம் எழுத்தில் கொடுத்து, நிகழ்ச்சி நிரலில் தனிப் பொருளாகச் சேர்க்கச் சொல்லுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் நின்று மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை இணையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போடட்டும், தனி ஆள் புகாரை ஒதுக்குவது சுலபம்.

அப்புறம், அந்த வடிகால் யார் பொறுப்பு என்று விசாரித்துவிட்டுப் போங்கள். உள்ளாட்சியுடையது என்றால் மன்றம் தானாகத் தோண்ட முடியாது, தீர்மானம் போட்டுக் கடிதம் அனுப்பத்தான் முடியும். அதையே கேளுங்கள்: கடிதத்தை யார் அனுப்புவது, எந்தத் தேதிக்குள்? இரண்டும் குறிப்பில் எழுதப்படும் வரை உட்காராதீர்கள். அடுத்த கூட்டத்தில் முந்தைய குறிப்பை வாசிக்கும்போது, பொறுப்பேற்றவரிடமே என்ன ஆச்சு என்று கேட்கலாம்.