கார்டு பெரிது, பவர் சப்ளை எது?

பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிய, வாங்கப்போகிற பினாங்கு நண்பர்கள் கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான பவர் சப்ளை பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாரும் வாட் கணக்கையே கேட்கிறார்கள். கேபிள் எரியுமா என்று கேட்டவர் ஒரே ஒருவர். நீளமான பதில் அவருக்குத்தான்.

*பட்டர்வொர்த் தம்பி: அண்ணா, என்னிடம் 850 வாட் இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 5090க்குப் போதுமா?*

போதாது தம்பி. அந்தக் கார்டு மட்டுமே 575 வாட் இழுக்கும். புரொசசரும் மற்றவையும் சேர்ந்தால் 800 வரை போய்விடும். கார்டைத் தயாரிக்கும் என்விடியா சொல்லும் அளவு 1000. உங்கள் 850 வாட், 4090க்கும் 5080க்கும் சொல்லப்பட்ட அளவு.

*ஜெலுத்தோங் நண்பர்: பழைய 750 வாட், ஆர்டிஎக்ஸ் 3090. விளையாட்டு சூடுபிடிக்கும்போது கணினி பொட்டென்று அணைகிறது. மீட்டரோ 500தான் காட்டுகிறது. ஏன்?*

மீட்டர் காட்டுவது சராசரியை. கார்டு கண் இமைக்கும் நேரத்துக்குள் ஒரு தாவு தாவிவிட்டு இறங்கிவிடும். அந்தத் தாவலைப் பார்த்து மிரண்டு பவர் சப்ளை தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. பவர் சப்ளைகளுக்கென 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, 100 மைக்ரோ வினாடிக்கு இரு மடங்குச் சுமையைத் தாங்கச் சொல்வது இதனால்தான். புதிதாக வாங்குமுன் ஒன்று பாருங்கள்: ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரண்டு 8-பின் பிளக்குகளையும் கார்டில் செருகியிருக்கிறீர்களா? ஒரு பிளக்குக்கு 150 வாட் கணக்கு. தனித்தனிக் கேபிள் போடுங்கள். பல பேருக்குத் தொல்லை அதோடு தீர்ந்துவிடுகிறது.

*ஆயர் ஈத்தாம் வாசகி: ஐயா, புதிய 16-பின் பிளக் உருகும் என்கிறார்கள். உண்மையா?*

உண்மைதான் அம்மா. 4090 வந்த 2022 கடைசியிலேயே உருகிய படங்கள் வரத் தொடங்கின. கணக்கைப் பாருங்கள்: 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர். நம் வீட்டுச் சுவர்ப் பிளக்கில் இருக்கும் ஃபியூஸே 13 ஆம்பியர்தான். அதைப்போல் நான்கு மடங்கு மின்னோட்டம், கட்டைவிரல் அகலப் பிளக்கில், பதினாறில் ஆறே பின்கள் வழியாகக் கார்டுக்குள் ஓடுகிறது. அவற்றில் இரண்டு சரியாகத் தொடாவிட்டால் மிச்சம் நான்கும் சுமந்து சுடும்.

என்னிடம் ஒருவர் கொண்டுவந்த கார்டில் பிளக்கின் ஒரு மூலை தேயிலைச் சாயம்போல் பழுத்திருந்தது. கேபிளைக் கழற்றியபோது, பிளாஸ்டிக்கில் தூசி படிந்த மெல்லிய கோடு தெரிந்தது. மாதக்கணக்கில் இரண்டு மில்லிமீட்டர் வெளியிலேயே நின்றிருக்கிறது! ஆகவே கார்டைப் பெட்டியில் பூட்டுமுன்பே கேபிளைச் செருகுங்கள். ‘கிளிக்’ சத்தத்தை நம்பாதீர்கள், பல நேரம் கேட்காது. டார்ச் அடித்துப் பாருங்கள், இடைவெளி தெரியக்கூடாது. பிளக்கிலிருந்து 35 மில்லிமீட்டராவது நேராக விட்டுப் பிறகு வளையுங்கள். அடுத்து வந்த ஏடிஎக்ஸ் 3.1இல், பிளக் உட்கார்ந்துவிட்டதா என்று கார்டுக்குச் சொல்லும் உணர்வு பின்களைக் குட்டையாக்கியிருக்கிறார்கள். பிளக் முழுதாக உட்காராவிட்டால் கார்டு மின்சாரம் இழுக்காது என்பது ஏற்பாடு. நல்ல திருத்தம்தான், ஆனாலும் டார்ச்சை எறிந்துவிட வேண்டாம்.

*புக்கிட் மெர்தாஜாம்: வேறு நிறுவனத்தின் பழைய கேபிள் கனகச்சிதமாகப் பொருந்துகிறது. போடலாமா?*

போடவே கூடாது. கார்டுப் பக்கம்தான் பொது விதி. பவர் சப்ளைப் பக்கம் அவரவர் இஷ்டம். பொருந்தும், ஆனால் கம்பி மாறியிருக்கும், டிஸ்க் முதல் மதர்போர்டு வரை கருகும்.

*பாயான் பாரு: தங்கமா, பிளாட்டினமா? டிஎன்பி மின்சார பில் குறையுமா?*

தங்கம், பிளாட்டினம் என்று தரம் பிரிக்கும் 80 பிளஸ் முத்திரை சொல்வது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே. தரச் சான்றிதழ் என்று நினைக்கிறவர்கள் அதிகம். 600 வாட் ஓடும்போது 90 சதவிகிதத்துக்கும் 92க்கும் வித்தியாசம் 15 வாட். தினம் நாலு மணி நேரம் விளையாடினால் மாதம் இரண்டு யூனிட்கூட வராது, ஒரு தே தாரிக் காசு தேறாது.

*பிறை: இணையத்தில் ‘1000 வாட்’ பாதி விலைக்குக் கிடைக்கிறது. நம்பலாமா?*

பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையின் படத்தைக் கேளுங்கள். 12 வோல்ட் கட்டத்தில் 83 ஆம்பியர் அளவு இருக்க வேண்டும். 50 என்றிருந்தால் அது 600 வாட் பெட்டி, மீதி 400 அட்டையில் அச்சிட்டது. படம் அனுப்ப மறுக்கிற கடைக்காரரிடம் விலை பேசவே வேண்டாம்.