"யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று சொன்னால்

வணக்கம் சார்,

நான் ஒரு நிறுவனத்தில் பதினான்கு பேர் கொண்ட அணிக்குப் பொறுப்பாளன். எங்கள் அணியின் மூத்தவர் ஒருவர் வேலையில் கில்லாடி. அவர் ஒரு வாரம் லீவு போட்டால் பாதி வேலை நின்றுவிடும். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பெண் ஒருவர் போன வாரம் என்னிடம் தனியாக வந்து பேசினார். கூட்டங்களில் எல்லோர் முன்னாலும் அவர் தன்னை மட்டம் தட்டுகிறார், வார விடுமுறை முடியும் நேரம் வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது, தூக்கம் போய்விட்டது என்றார். கடைசியில், "உங்களை அண்ணன் மாதிரி நினைச்சுச் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

எச்.ஆரில் (மனிதவளத் துறையில்) இருக்கும் நண்பர் ஒருவரிடம் பெயர்களைச் சொல்லாமல் யோசனை கேட்டேன். "எதையும் எழுதி வைக்காதே, நாளைக்கு கேஸ் என்று போனால் உன் எழுத்தே உனக்கு எதிராக நிற்கும். ரெண்டு பேரையும் ஒரு அறையில் உட்கார வைத்துப் பேசி முடி" என்கிறார். சத்தமில்லாமல் அந்தப் பெண்ணை வேறு அணிக்கு மாற்றிவிடலாமா என்றும் தோன்றுகிறது. மனிதனாக நடந்துகொள்வதா, சட்டத்துக்குப் பயந்து நடந்துகொள்வதா? என் பெயர் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

மனிதத்தன்மை ஒரு பக்கம், சட்டம் இன்னொரு பக்கம் என்று பாகம் பிரித்துவிட்டீர்கள். நீங்கள் சொல்லும் விஷயத்தில் அவை இரண்டும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. எதிர்ப்பக்கம் நிற்பது உங்கள் எச்.ஆர். நண்பரின் யோசனை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அலுவலகங்களில் பரம்பரையாகக் கைமாறி வரும் அறிவுரை அது.

முதலில் அந்த வாக்குறுதி. அந்தப் பெண் உங்களை அண்ணனாக நினைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டது அணிப் பொறுப்பாளர். பல நாடுகளின் தொழில் சட்டங்களில், மேற்பார்வை செய்பவருக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் நிறுவனத்துக்கே தெரிந்ததாகக் கொள்ள இடம் இருக்கிறது. நாளை அவர் உடைந்துபோய் வேலையை விட்டால் முதலில் வரும் கேள்வி, "உங்களுக்கு எப்போது தெரியும், தெரிந்தபின் என்ன செய்தீர்கள்?" என்பதுதான். "சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்" என்ற பதில் அங்கே பெரும்பாலும் எடுபடாது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பெண்ணுக்கும் அது எடுபடாது. சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் அவர் மனதில் தங்கும்.

சரி, கொடுத்த வாக்கை என்ன செய்வது? மீறவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அவரிடமே திரும்பப் போங்கள். "அன்றைக்கு யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, என் பொறுப்பில் அது முடியாது. தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும்தான் போகும். யாருக்குப் போகிறது என்பதை உங்களிடம் முன்கூட்டியே சொல்வேன். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று சொல்லுங்கள்" என்று நேராகப் பேசுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ரகசியம் கேட்பவர்கள் பெரும்பாலும் ரகசியத்துக்காகக் கேட்பதில்லை. சொன்னதற்காகத் தன் தலைதான் உருளும் என்ற பயத்தில் கேட்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்குவது உங்கள் கையில் இருக்கிறது.

அடுத்தது, இரண்டு பேரையும் உட்கார வைப்பது. மேலாண்மைச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் 1925இல் ஆற்றிய உரை ஒன்றில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஹார்வர்டு நூலகத்தின் சிறிய அறை ஒன்றில் ஒருவர் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்கிறார், ஃபாலெட் மூட வேண்டும் என்கிறார். கடைசியில் ஆளில்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். அவருக்கு வேண்டியிருந்தது காற்று. இவருக்கு வேண்டாம் என்றிருந்தது தன் மேல் நேராக அடிக்கும் வாடைக்காற்று. இருவருமே எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. வேலைப் பங்கீடு, முன்னுரிமை, யார் எதைச் செய்வது என்ற சண்டைகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. எதற்காகக் கேட்கிறார்கள் என்று தோண்டிப் பார்த்தால் பாதிச் சண்டை கரைந்துவிடும்.

ஆனால் அந்த அறையில் இருந்த இருவரும் சமமானவர்கள். ஒருவருடைய மதிப்பீட்டறிக்கையை மற்றவர் எழுதப்போவதில்லை. உங்கள் அணியில் நிலைமை அப்படி இல்லை. ஒருவர் மற்றவரைப் பலர் முன்னால் சிறுமைப்படுத்துகிறார் என்பது புகார். அதைக் "கருத்து வேறுபாடு" என்று எடுத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார வைத்தால், பயப்படுபவர் தன் பயத்தைப் பயமுறுத்துபவரிடமே விளக்க வேண்டிவரும். வெளியே வரும்போது கை குலுக்குவார்கள். அதை வைத்துப் பிரச்சினை தீர்ந்தது என்று நீங்கள் குறித்துக்கொள்வீர்கள். அந்தப் பெண் அன்று இரவும் தூங்க மாட்டார்.

இப்படிப்பட்ட நடத்தையைத் தனியாகப் பிரித்துப் பார்க்க உலகம் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது. ஹைன்ஸ் லேமன் என்ற உளவியலாளர் 1980களில் ஸ்வீடனில் இதை ஆராய்ந்தார். வேலையிடத் துன்புறுத்தலுக்கென்று தனி விதிமுறையை அந்த நாடு 1993இல் கொண்டுவந்தது. வேலையிட வன்முறை, துன்புறுத்தல் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆவது உடன்படிக்கை 2019இல் ஏற்கப்பட்டு 2021இல் நடைமுறைக்கு வந்தது. அதன் வரையறையில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது: திரும்பத் திரும்ப நடந்தால்தான் என்றில்லை, ஒரே ஒரு தடவை நடந்தாலும் அது வன்முறையாகவோ துன்புறுத்தலாகவோ இருக்கலாம். ஒவ்வொரு நாட்டின் சட்டமும் இதை ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தையும் நிறுவனத்தின் கொள்கை ஆவணத்தையும் ஒரு முறை படித்துவிடுங்கள். பொறுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டதோடு சரி, படிப்பதில்லை.

இப்போது எழுதி வைக்கும் விஷயம். "எழுதாதே" என்ற அறிவுரையில் பாதி உண்மை இருக்கிறது. நீங்கள் எழுதிய குறிப்பை வழக்கில் கேட்டு வாங்க முடியும். அதனால் அதை வேறு யாரோ ஒருநாள் படிக்கப்போகிறார் என்று நினைத்தே எழுதுங்கள். "அவர் திமிர் பிடித்தவர், அந்தப் பெண் கொஞ்சம் தொட்டாற்சிணுங்கி" என்று எழுதினால் நண்பர் சொன்னது பலிக்கும். அதற்குப் பதில் இப்படி: "செவ்வாய்க்கிழமைக் கூட்டம். எட்டுப் பேர் இருந்தோம். அந்தப் பெண் அறிக்கையை விளக்கிக்கொண்டிருந்தபோது 'இதுகூடப் புரியாதா, எத்தனை தடவை சொல்வது' என்று மூத்தவர் சொன்னதை நான் கேட்டேன். அதன்பின் அந்தப் பெண் பேசவில்லை. மீதியை இன்னொருவர் விளக்கினார்." தேதி, இடம், யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை. நீங்களே பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்பது தனித்தனியாக இருக்கட்டும். நோய்ப் பெயர் எதையும் நீங்களாகச் சூட்டாதீர்கள். தூக்கம் வரவில்லை என்றார் என்றால் அதை மட்டும் எழுதுங்கள். "மன அழுத்த நோய்" என்று எழுத நீங்கள் டாக்டர் இல்லை.

இப்படி எழுதும்போது உங்களுக்கே ஒன்று விளங்கலாம். அந்தக் கூட்டங்களில் நீங்களும் இருந்திருக்கிறீர்கள் அல்லவா? அப்போது என்ன செய்தீர்கள்?

அந்தப் பெண்ணை மாற்றுவது பற்றி: வேண்டாம். அவரே கேட்டால் வேறு விஷயம். கேட்காமல் மாற்றினால், புகார் சொன்னதற்கு அது தண்டனையாகத்தான் தெரியும். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பதை நிரூபிப்பது கஷ்டம். அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு வரும் புகார்களில் மிக அதிகமாக எழும் குற்றச்சாட்டு பழிவாங்கல்தான். அண்மை ஆண்டுகளில் அங்கு வரும் புகார்களில் சுமார் பாதியில் அது இருக்கிறது. மூலப் புகார் நிரூபணமாகாமல் போய், அதற்குப் பிறகு செய்த இடமாற்றத்துக்காக நிறுவனம் மாட்டிக்கொள்வதும் உண்டு. உடனே யாரையாவது நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், அந்தப் பெண்ணின் வேலைக்கு ஒப்புதல் தரும் பொறுப்பை மூத்தவரிடமிருந்து தற்காலிகமாக எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவரிடம் இது தீர்ப்பு இல்லை, விசாரணை முடியும்வரை ஏற்பாடு என்று சொல்லிவிடுங்கள். அவர் தரப்பையும் யாராவது ஒழுங்காகக் கேட்க வேண்டும். அது நீங்களாக இல்லாமல் இருந்தால் நல்லது. அவரை நம்பித்தான் உங்கள் அணி ஓடுகிறது. அப்படியிருக்க நீங்கள் நடுநிலையாக இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த வரி அதுதான்: அவர் லீவு போட்டால் பாதி வேலை நின்றுவிடும். அந்த வரியை நீங்கள் எதற்காக எழுதினீர்கள்? புகாருக்கும் அவருடைய திறமைக்கும் என்ன சம்பந்தம்? விசாரணை தொடங்குவதற்கு முன்பே தராசின் ஒரு தட்டில் எடைக்கல் விழுந்துவிட்டது. அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும், அணியில் மீதிப் பேருக்கும் தெரியும். அதனால்தான் கூட்டத்தில் அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒரே ஆளிடம் பாதி வேலை சிக்கிக் கிடப்பது திட்டமிடலில் உள்ள ஓட்டை. அதைச் சரிசெய்யாமல் ஒழுக்க விதிகளைப் பற்றிப் பேசிப் பயனில்லை. வேலையைப் பிரித்து இன்னும் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுக்க இன்றே ஆரம்பியுங்கள். அந்த மூத்தவருக்கும் அதனால் மூச்சு விட நேரம் கிடைக்கும். அவருடைய சிடுசிடுப்பில் ஒரு பங்கு அந்தச் சுமையிலிருந்தும் வந்திருக்கலாம். அது விளக்கமாகலாம், சாக்காகாது.

ஊழியர் நலன் என்றால் தியான வகுப்பு, செயலி, மன அழுத்தத்தைச் சமாளிக்கும் பயிலரங்கு என்று எச்.ஆர். ஏதாவது அனுப்பிவைக்கும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிளெமிங் பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவை ஆராய்ந்து 2024இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்த மாதிரித் திட்டங்களில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நலமாக இருந்ததாக அதில் தெரியவில்லை. எனக்கு ஆச்சரியமில்லை. கூட்டத்தில் அவமானப்படுபவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதில் ஏதோ ஒரு அசிங்கம் இருக்கிறது. அவமானம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதோடு மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போக அவருக்கு நேரம் கொடுங்கள், லீவுக்குக் காரணம் கேட்டுத் துளைக்காதீர்கள்.

நான் சின்னப் பொறுப்பில் இருப்பவன், சட்டமெல்லாம் மேலே இருப்பவர்களுக்கு என்று நினைக்கிறீர்களோ என்னவோ. மேலே இருப்பவர்களும் தங்களுக்குக் கீழே நடந்தது தெரியாது என்றுதான் சொல்வார்கள். பிரான்ஸ் டெலிகாம் வழக்கில் அது எடுபடவில்லை. பணிநீக்கம் செய்யாமலேயே 22,000 பேரை வெளியேற்றும் திட்டத்தை அந்த நிறுவனம் 2006இல் தொடங்கியது. ஊழியர்களின் தற்கொலைகள் நீதிமன்றம் வரை போயின. பாதிக்கப்பட்ட ஊழியர்களை மேலே இருந்தவர்களுக்குத் தனித்தனியாகத் தெரியாவிட்டாலும், அந்தக் கொள்கையே துன்புறுத்தல்தான் என்று 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் முன்னாள் தலைமை அதிகாரி உள்ளிட்டோரைத் தண்டித்தது. நிறுவனத்துக்கும் 75,000 யூரோ அபராதம். மேல்முறையீட்டுக்குப் பின் 2025 ஜனவரியில் பிரான்சின் உச்ச நீதிமன்றமும் குற்றத்தை உறுதிசெய்தது.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: நாளைக்கு முதலில் அந்தப் பெண்ணிடம் போங்கள். அப்புறம் குறிப்பு எழுதுங்கள். அதற்கடுத்து எச்.ஆருக்கு முறையாக மின்னஞ்சல் அனுப்புங்கள், நண்பருக்கு இல்லை, துறைக்கு. என்றைக்குள் பதில் வேண்டும் என்று தேதி போட்டுக் கேளுங்கள். பதில் வரும்வரை எல்லாக் கூட்டத்தையும் நீங்களே நடத்துங்கள். யாராவது யாரையாவது மட்டம் தட்டினால் அந்த இடத்திலேயே, குரலை உயர்த்தாமல், "அவர் முடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவரைத் தொடரச் சொல்லுங்கள்.

அன்புடன்.