மீதியில் கால் பங்கு என்றால் கூட்டக் கூடாது

உங்கள் மகளின் தொடக்கநிலை 5 கணக்கு இதுதானே: அட்டைகளில் 2/5 பங்கைத் தம்பிக்குக் கொடுத்து, மீதியில் 1/4 பங்கைத் தொலைத்த பின் 36 இருக்கிறது, முதலில் எத்தனை? இரண்டு பின்னங்களையும் கூட்டி 13/20 என்று போட்டிருக்கிறாள். மிச்சம் 7/20. 36ஐ 7 சரியாக வகுக்காது, அங்கேதான் அழுகை வருகிறது என்கிறீர்கள்.

வகுத்தல் சரிதான், தவறு அதற்கு முன்பு கூட்டியதில். கால் பங்கு மொத்தத்தில் இல்லை, மீதியில். அதைப் பட்டை வரைந்து பார்க்கட்டும். 5 கட்டம் போட்டு 2ஐ அடித்துவிடச் சொல்லுங்கள். மிஞ்சிய 3 கட்டத்தை அதே நீளத்தில் கீழே இன்னொரு பட்டையாக இறக்கி, அதை 4 ஆகப் பிரிக்க வேண்டும். ஒன்று தொலைந்தது, மற்ற மூன்றும் சேர்ந்து 36. அப்போது ஒன்று 12, கீழ்ப்பட்டை முழுதும் 48. அதுதான் மேலே 3 கட்டம். ஒரு கட்டம் 16, மொத்தம் 80.

சிங்கப்பூரில் 1980களிலிருந்து சொல்லித்தரும் முறை இது. முதலில் இருந்ததை எக்ஸ் என்று வைத்துச் சமன்பாடு போடலாமே என்கிறீர்கள், அந்த வழியும் சரியே, ஆனால் இந்த வயதுக்குப் படம்தான் கைகொடுக்கும், எக்ஸ் கொஞ்சம் பொறுக்கட்டும்.

அப்புறம், ‘மீதியில்’ என்பதை ‘மொத்தத்தில்’ என்று மாற்றி, 36க்குப் பதில் 35 வைத்துக் கொடுங்கள். அதற்கு அவள் போட்ட 7/20 தான் வழி, விடை 100.