பி.பி.எட் முடிச்சிட்டு எல்கேஜிக்கு ஃபுட்பால் சொல்லித்தர போலாமா?

தம்பி, மெசேஜ் படிச்சேன். ரெண்டு வருஷம் பி.பி.எட், அதாவது பி.டி. வாத்தியார் படிப்பு, படிச்சு ஜோனல் மேட்ச் வரைக்கும் ஆடினவன் ப்ளே ஸ்கூல்ல பந்து பொறுக்கவா போறதுனு அப்பா கேக்குறாருன்னு எழுதியிருக்க. அவர் கோவம் நியாயம்தான், ஆனா அந்த வேலைய அவர் பக்கத்துல இருந்து பாத்ததில்ல.

போன வருஷம் ஒரு ஸ்கூல்ல இந்த வேலைக்கு வந்தவங்க எடுத்துக் காட்டற டெமோ கிளாஸ பாக்க என்னையும் கூப்ட்டாங்க. முதல்ல வந்த பையன் செம பிளேயர், விசில் ஊதி பதினெட்டு புள்ளைங்களையும் லைன்ல நிக்க வெச்சு, ஒரே பந்து, ஒவ்வொருத்தரா வந்து கோல் அடின்னான். மூணாவது புள்ள அடிக்கறதுக்குள்ள பின்னாடி பாதி மண்ண நோண்ட ஆரம்பிச்சிடுச்சு, ஒண்ணு ஷூவ கழட்டி தலைல வெச்சுகிச்சு 😄 அடுத்து வந்த பொண்ணு ஆளுக்கொரு சின்ன பந்து, காத்து லைட்டா இறக்கி, நாலு மூலைலயும் கலர் கோன் வெச்சு, நம்ம "கலர் கலர் வாட் கலர்" தான் ஆடுச்சு, சொன்ன கலருக்கு பந்த உருட்டிட்டே ஓடணும், "பந்து தூங்குது"ன்னா கால அது மேல வெச்சு சத்தமில்லாம நிக்கணும். இருபது நிமிஷம் ஒண்ணு கூட உக்காரல. வேலை அந்தப் பொண்ணுக்குத்தான்.

ஏன்னு இன்டர்வியூல உன்னால சொல்ல முடியணும். ஒத்தக்கால் பேலன்ஸ், ஓடுறப்போ சட்டுனு நிக்கறது, காதுல விழுந்தத கால் செய்யறது, எல்லாம் அதுலயே வந்துடுது. 3, 4 வயசுக்கு நாளைக்கு 180 நிமிஷம் உடம்பு அசையணும், அதுல 60 நிமிஷம் நல்லா மூச்சு வாங்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லியிருக்கு, இத ஞாபகம் வெச்சுக்கோ. பாஸிங், பொசிஷன்லாம் மறந்துடு, எல்லாம் பந்த சுத்தி ஈ மாதிரிதான் மொய்க்கும். தலையால பந்த முட்டுற ஹெட்டிங் வேணவே வேணாம்.

இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷனோட ப்ளூ கப்ஸ்ங்கற சின்னப் புள்ளைங்க ஃபுட்பால் திட்டம் 4 வயசுலருந்தே ஆரம்பிக்குது, அதனால கோச்சுக்கான டி லைசன்ஸ் எடுத்து வெச்சுக்கோ, அப்புறமா ஆசிய ஃபுட்பால் கூட்டமைப்போட (ஏஎஃப்சி) சி லைசன்ஸுக்கு போலாம், சாயங்காலம் அகாடமிலயும் உதவும். முதலுதவி சர்டிஃபிகேட்டும் கையில இருக்கட்டும்.

சேர்றதுக்கு முன்னாடி சம்பளம் பன்னெண்டு மாசத்துக்கா பத்து மாசத்துக்கானு எழுத்துல வாங்கிடு, லீவு மாசத்துல கைய விரிச்சிடுவாங்க. அப்புறம் ஸ்டோர் ரூம தொறந்து எத்தன பந்து இருக்குனு எண்ணிப் பாத்துட்டு எனக்கு சொல்லு.